நடவுப் பெண்கள் பின்னோக்கித்தான் நடப்பார்கள்

டிசைன் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

போன மாதம் நான் பட்டறைக்கு வந்திருந்தேன். மாடிப்படிக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும் பட்டு ஸ்கார்ஃபைக் காட்டி உங்களில் ஒரு பெண் கேட்டாள். "மேடம், அச்சாகி முடிஞ்ச டிசைன்ல தப்பு இருக்குன்னு நீங்கதான் கண்டுபிடிச்சீங்களாமே? எப்படி மேடம்?"

நான் சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அது உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தத் தப்பை நான் கண்டுபிடிக்கவில்லை. அந்தத் தப்பைச் செய்தவள் நான். கண்டுபிடித்தவள் வேறொருத்தி. இத்தனை வருடமாக அந்தப் பெயர் என்மேல் ஒட்டிக்கொண்டிருப்பதற்கு நானே காரணம். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. கும்பகோணத்தில் ஓவியம் படித்துவிட்டு வந்திருந்தேன். பட்டறை அப்போது தஞ்சாவூரில் புதாற்றங்கரையில் ஓட்டுக் கட்டிடத்தில் இருந்தது. முதலாளி கீழ்வேளூர்ப் பக்கத்து மிராசுதார் குடும்பம். ஆட்சி மாறி, நில உச்சவரம்பைக் குறைத்து, யார் எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்று தாலுகா ஆபீசில் தினம் ஒரு பேச்சாக இருந்த காலம். அவர் கொஞ்சம் நிலத்தை விற்று இந்தத் தொழிலில் போட்டார். "நெல்ல விட்டுட்டுக் கர்சீப்பு தைக்கப் போயிட்டான்" என்று அவருடைய பங்காளிகள் கேலி செய்தார்கள். அவருக்கு அது ரோஷமாக இருந்தது. உலகத்திலேயே சிறந்த கர்சீப்பைத் தைத்துக் காட்டுகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

ஒரு கெஜம் அகலம், ஒரு கெஜம் நீளம். சுத்தப் பட்டு. பதினொரு நிறம் என்றால் அச்சடிக்கப் பதினொரு ஸ்கிரீன். ஒவ்வொன்றும் முந்தைய நிறத்தோடு மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும். அச்சு முடிந்ததும் நான்கு ஓரத்தையும் விரலால் சுருட்டிக் கையால் தைக்க வேண்டும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அன்றைக்கும் இன்றைக்கும் மாறாதது அந்த ஓரம் ஒன்றுதான்.

ஓரம் சுருட்டும் பெண்களை வேலைக்கு எடுப்பது என் பொறுப்பு. வெள்ளைப் பட்டு ஒன்றை வந்தவர்களின் உள்ளங்கையில் விரித்து மெல்ல இழுப்பேன். நூல் மாட்டினால், "கை சொரசொரப்பா இருக்கு, சரிப்படாது" என்று அனுப்பிவிடுவேன். அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஒருத்தி அஞ்சலை. முப்பது வயது இருக்கும். ஒரத்தநாட்டில் அக்கா வீட்டில் தங்கியிருப்பதாகச் சொன்னாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தாள். இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினாள். பட்டை விரித்து இழுத்தேன். தண்ணீர்மேல் போவதுபோல் போயிற்று.

"என்ன பண்ணின?"

"தவுடு வச்சு தேச்சேங்க. காலையில, சாயங்காலம். அக்கா வீட்டு மாட்டுத் தவுடு."

ஆறு மாதத்தில் அந்தக் கூடத்தில் அவளைப் போல் ஓரம் சுருட்ட ஆள் இல்லை. மற்றவர்கள் பேச்சும் சிரிப்புமாகத் தைப்பார்கள். அவள் தைக்கும்போது துணியிலுள்ள படத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

பாரிஸிலிருந்து ஓர் அம்மாள் பெரிய ஆர்டர் தருவதாகச் சொல்லி வந்தது அப்போதுதான். அவர்களுடைய கடைகளில் ஸ்கார்ஃபை ஓவியம் மாதிரி சட்டம் போட்டு மாட்டி விற்பார்களாம். "உங்கள் ஊர் வயலை எனக்குக் கொடுங்கள்" என்றார். முதலாளிக்குக் கால் தரையில் பாவவில்லை. என்னைக் கூப்பிட்டு, "நடவு போடும்மா. வரப்புல எங்க அப்பா நிக்கிற மாதிரி போடு" என்றார்.

நான் தஞ்சாவூரில் பிறந்தவள். அப்பாவுக்குத் தபால் ஆபீசில் வேலை. மூன்று வேளையும் இந்த மண்ணின் அரிசியைத்தான் தின்றேன். ஆனால் வயலைப் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தேன். அந்த ஜன்னல் போதும் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு மாதம் உட்கார்ந்து வரைந்தேன். குனிந்து நிற்கும் பதினான்கு பெண்கள், வண்ண வண்ணச் சேலைகள், தண்ணீரில் மேகம், வரப்பில் வெள்ளை வேட்டியில் முதலாளியின் அப்பா. பார்த்தவர்களெல்லாம் கொண்டாடினார்கள். ஸ்கிரீன்கள் செய்தாயிற்று. முதலில் முப்பது துணி அச்சடித்து ஓரம் தைக்கக் கொடுத்தோம். பாரிஸ் அம்மாள் நேரில் வந்து பார்க்க இன்னும் பதினான்கு நாள் இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் நடந்துகொண்டிருந்தேன். அஞ்சலை தலையைத் தூக்காமலே கேட்டாள். "டீச்சர், இவங்கள்லாம் எங்க போறாங்க?"

படம் போடுகிறவள் என்பதால் அங்கே எல்லாரும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"எங்க போறாங்கன்னா? நடவு நடறாங்க."

"நடறாங்க, சரி. முன்னாடியில்ல நடந்து போறாங்க? நட்ட நாத்து மேலேயே கால வச்சுப் போறாங்களே."

நான் குனிந்து பார்த்தேன். பெண்களின் முகம் இருந்த பக்கம் வெறும் தண்ணீர். முதுகுப் பக்கம் பச்சை நாற்று வரிசை. ஒவ்வொருத்தியும் ஒரு காலை முன்னே எடுத்து வைத்திருந்தாள். கையால் எழுதுகிற மாதிரி, எழுத எழுத முன்னே போவார்கள் என்று நான் என் போக்கில் நினைத்து வரைந்திருந்தேன்.

"பின்னாடிதாங்க போவணும்" என்றாள் அஞ்சலை. "நட்டது கண்ணு முன்னால இருக்கும். நடாதது முதுவுக்குப் பின்னால இருக்கும். கட்டி வச்ச நாத்து முடியும் பின்னாலதான் கெடக்கும். இல்லாட்டி எப்பிடி எட்டி எடுக்குறது?"

சுற்றியிருந்த நான்கைந்து பேர் தையலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அந்த நிமிடத்தில் நான் சொன்ன பதிலை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

"இது படம் அஞ்சலை. வயல் இல்ல. நீ ஓரத்தப் பாரு."

அவள் ஓரத்தைப் பார்த்தாள்.

நான் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அந்தத் துணியை மேசையில் விரித்தேன். ஒரு முறை தெரிந்துவிட்டால் பிறகு கண்ணுக்கு வேறு எதுவும் தெரியாது. பதினான்கு பெண்களும் தாங்கள் நட்டதைத் தாங்களே மிதித்துக்கொண்டு போனார்கள். சாயங்காலம் வேலை முடிந்து பெண்கள் கிளம்பும்போது வாசலில் போய் அஞ்சலையின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. எனக்குத் தெரியல. சொல்லிக் கொடு."

அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். எதையோ எடை போடுகிறாள் என்று மட்டும் தெரிந்தது. என்னவென்று தெரியவில்லை.

"சொன்னா வெளங்காது. ஞாயித்துக்கெழம வாங்க. நேர்ல காட்டுறேன்."

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் போனோம். திருவாரூர் தாண்டி, கீழ்வேளூருக்கு முன்னாலேயே ஒரு மதகடியில் இறங்கச் சொன்னாள். வாய்க்கால் கரையோடு நடந்தோம். சம்பா நடவு நடக்க வேண்டிய பருவம். ஆனால் ஒரு பக்கம் உழுது தண்ணீர் கட்டிய வயல் அப்படியே கிடந்தது. அதன் நாலு மூலையிலும் சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். வரப்பு நெடுகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம். வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து நடவு போட முயன்றபோது இந்தப் பெண்கள் வயலில் படுத்து மறித்திருக்கிறார்கள். நிலத்துக்காரர் தரப்பில் போலீசில் புகார் கொடுத்திருந்தார்கள். லாரியில் வந்தவர்களுக்குப் பெயர் தெரியாததால், அடையாளம் தெரியாத பெண்கள் என்று எழுதியிருந்தார்களாம்.

"இது யாரு வயல்?" என்றேன்.

"நம்ம ஐயா வயலு" என்றாள் அஞ்சலை.

எங்கள் பட்டறை முதலாளியைச் சொல்கிறாள் என்று புரிந்தது. அவள் நிதானமாகச் சொன்னாள். "நான் இந்த ஊருதான் டீச்சர். எங்க வூட்டுக்காரரு வெவசாயக் கூலி சங்கத்துல இருந்தாரு. போன வருசம் நாங்க குடியிருந்த மனைய காலி பண்ணச் சொல்லிட்டாங்க. அதான் அக்கா வூட்டுக்குப் போனேன். ஐயாவுக்கு என்னத் தெரியாது. காரியக்காரர்தான் இங்க எல்லாம்."

நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரரை நானும் பட்டறையில் பார்த்திருக்கிறேன். மாதம் ஒருமுறை வருவார். அவர் வரும் நாட்களில் அஞ்சலை முக்காடு போட்டுக்கொண்டு மூலையில் உட்காருவாள். காய்ச்சல் என்று நினைத்திருந்தேன்.

என்னை அங்கே கூட்டிப்போனதால் அவள் தன் பிழைப்பையே என் கையில் கொடுத்திருக்கிறாள். ஒரு படத்தில் இருந்த தப்புக்காக.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் குத்தகைக்காரர் கேட்ட கூலியை ஒப்புக்கொண்டிருந்தார். அவர் வயலில் மட்டும் நடவு நடந்தது. பெண்கள் முறை வைத்துக்கொண்டு இங்கே நட்டுவிட்டு அங்கே போய் மறியலில் உட்கார்ந்தார்கள். நான் வரப்பில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன்.

முதலில் கால்களை வரைந்தேன். பிறகு கைகள். பிறகு, ஓய்வுக்காக வந்து உட்கார்ந்த பெண்களின் முகங்கள். அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் அவ்வளவு நன்றாக வரைந்ததில்லை. வெற்றிலை போட்ட வாய், வெயிலுக்குச் சுருங்கிய கண், பயத்தையும் பிடிவாதத்தையும் ஒன்றாக வைத்திருந்த தாடை. ஏழு பக்கங்கள் தானாக நிறைந்தன.

"என்னா எழுதுற?"

தலைக்கு மேலே ஒரு குரல். உயரமான ஒருத்தி. ராசாத்தி, அஞ்சலையின் நாத்தனார் என்று பிறகுதான் தெரிந்தது. நான் பதில் சொல்வதற்குள் நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"பேரு எழுதுறியா? யாரு அனுப்புனா ஒன்ன?"

சுற்றிலும் பெண்கள் எழுந்து நின்றார்கள். ஒருவர் தோளில் துண்டோடு வாய்க்காலைத் தாண்டி வேகமாக வந்தார். அஞ்சலை சேற்றிலிருந்து ஓடிவந்து எனக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றாள்.

"அண்ணி, அவங்க படம் போடுறவங்க. நான்தான் கூட்டியாந்தேன். தொறந்து பாரு."

ராசாத்தி பக்கத்தைப் புரட்டினாள். புரட்டியவள் நின்றுவிட்டாள். அந்தப் பக்கத்தில் அவளே இருந்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு யாரையோ பார்த்து, "ஏ, இங்க வாங்கடி. நான் இவ்ளோ லட்சணமாவா இருக்கேன்?" என்றாள். நோட்டு கை மாறிக் கை மாறிப் போயிற்று. தன்னைக் கண்டுகொண்டவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். துண்டு போட்டவர் கூட எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க அம்மாவ அப்பிடியே புடிச்சிருக்காங்க" என்றார்.

அஞ்சலை மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"டீச்சர், இந்த நோட்டு கம்பெனிக்குத்தான போவும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதலாளி தினமும் காலையில் என் மேசைக்கு வந்து நோட்டைப் புரட்டிப் பார்ப்பார். போலீசுக்குத் தெரியாத முகங்கள் ஏழு பக்கமும் இருந்தன. அவருக்கு அடையாளம் தெரிய வேண்டாம், காரியக்காரர் ஒருமுறை பார்த்தால் போதும்.

வீட்டில் மறைத்து வைத்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. என்னை எனக்குத் தெரியும். அவை நல்ல படங்கள். என்றைக்காவது யாரிடமாவது காட்டாமல் என்னால் இருக்க முடியாது. ஒரு நண்பரிடம், ஒரு வாத்தியாரிடம், ஒரு கண்காட்சியில். என்னால் காப்பாற்ற முடியாத வாக்கை இந்தப் பெண்களிடம் எப்படிக் கொடுப்பது?

நோட்டைத் திரும்ப வாங்கினேன். முகங்கள் இருந்த பக்கங்களை ஒவ்வொன்றாகக் கிழித்து, யாருடைய முகமோ அவரவர் கையில் கொடுத்தேன். ராசாத்தி வாங்கி எட்டாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மற்றவர்கள் என்ன செய்தார்களோ தெரியாது. அவற்றை நான் மறுபடி பார்க்கவே இல்லை.

பிள்ளைகளே, நம் தொழிலில் எதை வரைவது என்று சொல்லிக்கொடுக்கப் பலர் இருக்கிறார்கள். எதை வரையாமல் விடுவது என்பது உங்கள் முன் வந்து நிற்கும்போது கேட்க ஆள் இருக்காது. அப்போது உங்கள் படத்தைப் பற்றி யோசிக்காதீர்கள். படத்தில் இருக்கிறவர்களைப் பற்றி யோசியுங்கள். எனக்குத் தெரிந்து வேறு வழி இல்லை.

அதன் பிறகு அஞ்சலை என்னை வயலில் இறக்கினாள். "எறங்குங்க. கால வச்சாத்தான் தெரியும்." முழங்கால் வரை புதைந்தது. ஒரு முடி நாற்றைக் கையில் கொடுத்தாள். நட்டேன். ஒரு அடி பின்னால் வைத்தேன். அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். வயல் முழுக்கச் சிரித்தது.

"குதிய வைக்காதீங்க. வெரல மொதல்ல விடுங்க. வெரலு எடம் பாத்துக்கிடும். அப்பறம் குதி" என்றாள் ராசாத்தி. சற்று முன் என் நோட்டைப் பிடுங்கிய அதே கையால் என்னைத் தூக்கிவிட்டாள்.

விரல் முதலில், குதிகால் பிறகு. கணுக்கால் லேசாகத் திரும்பும். முதுகு அதற்கேற்ப ஒரு பக்கம் சாயும். எந்த ஜன்னலிலிருந்தும் அது தெரியாது. சிலர் கேட்கிறார்கள், அந்தப் பெண்களை மட்டும் அப்படியே திருப்பிப் போட்டிருக்கலாமே என்று. கம்ப்யூட்டரில் ஒரு தட்டில் திருப்பிவிடலாம். ஆனால் திருப்பிப் போட்டாலும் அவை முன்னால் நடக்கிற கால்கள்தான்.

திங்கட்கிழமை காலை முதலாளி வழக்கத்தைவிட முன்னதாகவே என் அறைக்கு வந்துவிட்டார். உட்காரவில்லை.

"நேத்து கீழ்வேளூர்ப் பக்கம் போயிருந்தியாமே?"

"ஆமா சார்."

"காரியக்காரர் திரும்புற பஸ்ஸுல நீ தனியா இருந்ததப் பாத்தேன்னாரு. எதுக்குப் போன?"

"நடவு பாக்க சார். நம்ம டிசைன்ல தப்பு இருக்கு."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "அங்க யார் யாரு இருந்தாங்க?"

"நான் கால்களைத்தான் சார் பாத்தேன்."

அவர் நோட்டை எடுத்தார். புரட்டினார். கால், கை, கால், நாற்று முடி, கால். பிறகு கிழித்த இடம் வந்தது. ஏழு பக்கங்களின் அடிக்கட்டை, பிசிர் பிசிராக. அவர் கட்டைவிரல் அந்தப் பிசிரின்மேல் மேலும் கீழும் போயிற்று.

"இது என்ன?"

"சரியா வரல சார். கிழிச்சுட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தினால் சொன்னதற்குச் சமம். என் வேலைக் காலத்தில் முதலாளியிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான் என்று சொல்ல ஆசை. இல்லை. ஆனால் வருத்தப்படாத பொய் அது ஒன்றுதான்.

அவர் நோட்டை மேசையில் வைத்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "என்ன தப்பு?"

அச்சடித்த துணியை அவர் முன் விரித்தேன். சொன்னேன். அவர் முதலில் கையை வீசினார். "இதெல்லாம் அந்த பிரெஞ்சுக்காரம்மாவுக்குத் தெரியவா போவுது? பதினோரு ஸ்கிரீன். ஒரு மாச வேலை. அவங்க வர இன்னும் பத்து நாள்தான் இருக்கு."

"அவங்களுக்குத் தெரியாது சார். ஆனா வரப்புல உங்க அப்பா நிக்கிறாரு. அவரு கண்ணு முன்னால பதினாலு பேர் நாத்த மிதிச்சுக்கிட்டுப் போறாங்க. அவரு பாத்துக்கிட்டு சும்மா நிக்கிறாரு."

முதலாளி துணியின்மேல் குனிந்தார். அவருடைய காது சிவந்தது. கோபமா வெட்கமா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் வயலில் வளர்ந்தவர். இரண்டு மாதமாக அந்தப் படத்தைத் தினமும் பார்த்தவர். தன் அப்பாவை மட்டுமே பார்த்திருக்கிறார்.

"அடி ஆத்தாடி" என்றார் மெல்ல. "இதப் பாத்தா எங்க அப்பா எழுந்து வந்து அடிப்பாரு."

அச்சு மாஸ்டரைக் கூப்பிட்டோம். அவர் படத்தைப் பார்த்து, என்னைப் பார்த்துவிட்டு, போய் ஸ்கிரீன்களைப் பிரிக்க ஆரம்பித்தார். வானமும் வரப்பும் அப்படியே இருக்கட்டும், பெண்களும் நாற்றும் உள்ள ஆறு நிறங்களை மட்டும் புதிதாகச் செய்வது என்று முடிவாயிற்று. நான் பெண்களை மறுபடி வரைந்தேன். பச்சை அவர்களுடைய கண் முன்னால், வெறும் சேறு முதுகுக்குப் பின்னால். முகங்கள் எல்லாம் குனிந்து மறைந்திருந்தன. கால்கள் மட்டும் ஒவ்வொன்றும் ஒருவருடையது.

பாரிஸ் அம்மாள் வருவதற்கு முந்தின நாள் ஒரே ஒரு துணி தயாராயிற்று. மேசையில் விரித்ததும் எல்லாரும் கூடிவிட்டார்கள். அஞ்சலை என் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். என் காதில் மட்டும் கேட்கும்படி, "இது எங்க நாத்தனா காலு" என்றாள்.

கால்களில் கூட ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா? முதலாளி சரியாக அந்த இடத்தில்தான் குனிந்திருந்தார். விரலால் அந்தப் பாதத்தைச் சுற்றி மெல்லத் தடவினார்.

"சேறு நல்லா வந்திருக்கு" என்றார்.

மறுநாள் பாரிஸ் அம்மாள் இரண்டு துணிகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வித்தியாசத்தை நான் என் தட்டுத்தடுமாறிய இங்கிலீஷில் விளக்கினேன். அவர் எழுந்து, அந்த உயர்ந்த செருப்பைக் கழற்றிவிட்டு, கூடத்துத் தரையில் குனிந்தபடி நான்கு அடி பின்னால் நடந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, இதைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டார்.

அஞ்சலை பத்தடி தள்ளி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். முதலாளி என் பக்கத்தில் நின்றார். வயலில் இன்னும் கொடி பறந்துகொண்டிருந்தது. தையல்காரிக்கு நடவு எப்படித் தெரியும், எந்த ஊர், யார் வீடு என்று அடுத்த கேள்வி வரும். எனக்கு யோசிக்க நேரம் இல்லை.

"நான்தான்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முதலாளி பெருமையாகச் சிரித்தார். அஞ்சலை தலையைத் தூக்கவில்லை. அன்று வேலை முடிந்து போகும்போது என்னிடம், "நல்லதா சொன்னீங்க டீச்சர்" என்றாள். மனதாரத்தான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்று அந்தப் பெயரை நான் எடுத்துக்கொண்டது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆபத்து நீங்கியதும் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். முதலாளிக்குப் பிறகு தெரிந்துவிட்டது, அதுவும் என் வாயால் இல்லை. பாரிஸுக்கு எழுதவில்லை. புதிதாக வந்தவர்களிடம் சொல்லவில்லை. பாராட்டு பழகிவிட்டது. நீங்கள் அப்படி இருக்காதீர்கள். கண்ணாடிச் சட்டத்துக்குக் கீழே உள்ள அட்டையில் அஞ்சலையின் பெயரை எழுதச் சொல்லி இப்போதுதான் கேட்டிருக்கிறேன்.

இனி மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஆர்டர் கிடைத்து வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ஐப்பசிக் கடைசியில் ஒருநாள் தாசில்தார் முன்னிலையில் கூலித் தகராறைப் பேசி முடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. கேட்ட கூலி முழுதாக இல்லை, ஆனாலும் கௌரவமாக முடிந்தது. புகாரையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நடவு தாமதமாகத் தொடங்கிற்று. அஞ்சலை குடும்பத்துக்குப் பழைய மனை திரும்பக் கிடைக்கும் என்று பேச்சிருந்தது. அவள் ஊருக்குத் திரும்பிப் போவாள் என்று நினைத்தேன்.

மறுநாள் முதலாளி கூடத்துக்குள் வந்தார். வழக்கம்போல் எல்லாப் பெண்களும் எழுந்து நின்றார்கள். அவர் கையசைத்ததும் மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். அஞ்சலை நின்றுகொண்டே இருந்தாள். மடியிலிருந்த பட்டை மடித்துப் பக்கத்தில் வைத்தாள். நான் வேண்டாம் என்று கண் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"ஐயா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் ஒங்க வயல்ல நட்டவதாங்க. இந்தப் படத்துல உள்ள தப்ப நான்தான் டீச்சர்கிட்ட சொன்னேன். அவங்க எனக்காக மறச்சாங்க."

முதலாளி என் பக்கம் திரும்பினார். நான் தலையசைத்தேன். இதோ இப்போது போகச் சொல்லப்போகிறார் என்று நான் நினைத்தேன்.

"எந்த வயல்ல?" என்றார்.

"வாய்க்கா ஓரத்து எட்டு மா நெலத்துலங்க."

"அங்க களிமண்ணு ஜாஸ்தியாச்சே."

"ஆமாங்க. காலு புடிச்சுக்கும். உருவி எடுக்குறதுக்குள்ள இடுப்பு விட்டுப் போவும்."

"சின்னப் புள்ளையில நான் அதுல மாட்டிக்கிட்டு அழுதிருக்கேன்" என்றார். "யாரோ ஒரு அம்மா வந்து தூக்கிவிட்டாங்க. யாருன்னு ஞாபகம் இல்ல."

"அப்ப அங்க எங்க மாமியாருதாங்க நடுவாங்க. அவங்களா இருக்கும்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். நாற்காலி எதுவும் இல்லை. அவள் விரித்திருந்த பாயின் ஓரத்திலேயே உட்கார்ந்துகொண்டார். கூடத்தில் யாரும் அதற்கு முன் அதைப் பார்த்ததில்லை.

"நீயும் உக்காரு" என்றார். "அவங்க இருக்காங்களா?"

"இருக்காங்க. கண்ணுதான் சரியா தெரியல."

அஞ்சலை உட்கார்ந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் பட்டை எடுத்து மடியில் போட்டு, விட்ட இடத்திலிருந்து ஓரத்தைச் சுருட்டத் தொடங்கினாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த எட்டு மா நிலத்துக்கு எந்த மதகிலிருந்து தண்ணீர் வருகிறது, போன மழையில் கரை உடைந்ததா, களியில் எந்த நாற்று நன்றாகப் பிடிக்கிறது. அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். சில இடத்தில் அவர் சொன்னதை, "இல்லீங்க, அப்பிடி இல்ல" என்று மறுத்தாள். நான் அறைக்குப் போய்விட்டேன். ஒரு மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தபோது நான்கு ஓரமும் தைத்து முடித்திருந்தாள். அவர் இன்னும் அந்தப் பாயில்தான் இருந்தார்.